வெயில் வற்றவைத்த கோப்பை

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிவந்த ஆறு பொட்டலங்களைச் செய்தித்தாளின் மேல் பிரித்து வைத்தேன். சுக்கு, மல்லி, மிளகு, ஏலக்காய், நெல்லிவற்றல், கருப்பட்டி. ஏலக்காயை விட்டால் கண்ணுக்கு நிறைவாக ஒன்றுமில்லை. சுக்கு சுண்ணாம்பு பூசிய எலும்புத் துண்டு போலக் கிடந்தது. நெல்லிவற்றல் கருத்துச் சுருண்டிருந்தது. மிளகின் தோலெல்லாம் சுருக்கம். ஆறும் ஒரு காலத்தில் ஈரமும் சாறுமாக இருந்தவைதாம். இஞ்சி, பச்சை மல்லிக்காய், கொடியில் தொங்கிய மிளகுக் கொத்து, பச்சை ஏலக்காய், மரத்து நெல்லி, பாளையில் சொட்டிய பதநீர். எல்லாவற்றிலிருந்தும் யாரோ தண்ணீரை எடுத்துவிட்டார்கள். பெரும்பாலும் வெயில், சிலவற்றில் அடுப்பு.

ஏழாவது பொருளும் அப்படித் தண்ணீரை இழந்து பிறப்பதுதான். அது விளையும் இடத்திலேயே இவை சேரும் சுக்குக் காப்பியைக் குடித்துப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஏப்ரல் விடியலில் பிளாஸ்கைத் தோளில் மாட்டிக்கொண்டு மரக்காணத்துக்குப் போனேன்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தைத் தவறவிட முடியாது. சாலையோரம் பாத்தி பாத்தியாக நிலம் கண்ணாடி போல விரியும். வரப்பெல்லாம் வெள்ளைக் குவியல்கள், அவற்றின் மேல் கீற்று மூடாக்கு. ஆந்திரத்தின் காக்கிநாடாவிலிருந்து கடலோரமாகவே இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவது இந்த வட்டாரத்தில்தான். பக்கத்திலேயே கழுவேலி, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சதுப்பு நிலம். சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று கருதும் அறிஞர்கள் பலர். இந்த நெய்தல் நிலத்துக்கு உப்பு புதிதல்ல.

கோப்பைக்குள் போகும் முன் அதன் பெயரை ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். மேல்நாட்டுக் கடைகளில் பழமும் மசாலாவும் சேர்ந்த மூலிகைத் தேநீர் என்று அழகான டப்பாக்களில் விற்கிறார்கள். உலர்ந்த ஆப்பிள் துண்டு, செம்பருத்தி, பட்டை, கிராம்பு எல்லாம் இருக்கும். தேயிலை மட்டும் இருக்காது. நாமும் அதையேதான் செய்திருக்கிறோம். சுக்குக் காப்பியில் காப்பிக்கொட்டை கிடையாது. சூடாக, கருப்பாக, ஆவி பறக்க டம்ளரில் வருவது எதுவானாலும் அதற்குக் காப்பி என்று பெயர் வைத்துவிட்டோம். காஃபீன் துளியும் இல்லாத காப்பி.

அதைப் பழத் தேநீர் என்று சொன்னால் தாவரவியல் நம் பக்கம் நிற்கும். ஒரு மல்லியை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். சட்டென்று சரிபாதியாகப் பிளந்து இரண்டு குட்டித் தோணிகள் கிடைக்கும். கடையில் தனியா விதை என்று நாம் கேட்டு வாங்குவது விதையல்ல, முழுக் கனி. இரண்டு பாதிகள் ஒட்டிய உலர்கனி; ஒவ்வொரு பாதிக்குள்ளும் ஒரு விதை. தோணியின் உள்வளைவில் மெல்லிய கோடுகள் தெரியும். அவை எண்ணெய்க் குழாய்கள், மல்லியின் மணம் முழுவதும் அங்கேதான் அடைபட்டிருக்கிறது. இடிக்காமல் முழுசாகப் போட்டுக் கொதிக்கவிட்டால் காப்பி சப்பென்று இருப்பதற்குக் காரணம் அந்தக் குழாய்கள் உடையாததுதான். மிளகும் கனியே, சதையும் கொட்டையும் உள்ள மாங்கனியின் குட்டித் தம்பி என்று சொல்லலாம். ஏலக்காய் வெடிகனி. நெல்லியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தக் கூட்டத்தில் கனியல்லாதவை இரண்டு. கருப்பட்டி பனையின் பூம்பாளைச் சாறு, சுக்கு மண்ணுக்குள் கிடந்த தண்டு.

அந்தச் சுக்கு தனிக்கதை. ஈர இஞ்சியில் உறைப்பைத் தருவது ஜிஞ்சரால் என்ற சேர்மம். இஞ்சியைக் காயப்போடும்போது கிழங்கிலிருந்து தண்ணீர் வெளியேறுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்த சங்கதி. கண்ணுக்குத் தெரியாத வறட்சி ஒன்றும் உள்ளே நடக்கிறது. ஜிஞ்சரால் மூலக்கூறுகளில் ஒரு பகுதி, தன் உடலிலிருந்தே ஒரு தண்ணீர் மூலக்கூறைக் கழற்றி விட்டுவிட்டு, ஷோகால் என்ற புதுச் சேர்மமாக மாறுகிறது. இஞ்சிக்கு ஜப்பானியர் சொல்லும் ‘ஷோகா’ என்ற பெயரிலிருந்து வந்த சொல் இது. ஜிஞ்சராலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உறைக்கும். காய்ந்த இஞ்சிக்குத் தமிழில் வேறு பெயரே வைத்தார்கள், சுக்கு என்று. வேதியியலின்படி அது நியாயம். இரண்டும் ஒரே பொருளின் ஈர வடிவமும் உலர் வடிவமும் மட்டுமல்ல. உள்ளே இருக்கும் சரக்கே மாறியிருக்கிறது.

கருப்பட்டியிலும் இதுபோல ஒன்று உண்டு. பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களை அது அடக்குகிறது. பிறகு அகன்ற பாத்திரத்தில் மணிக்கணக்காகக் காய்ச்சும்போது, காரத்தன்மை கூடிய அந்தச் சாற்றில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வேகமாக வினைபுரிந்து பழுப்பேறுகின்றன. தோசையின் முறுகலுக்கும் வறுத்த காப்பிக்கொட்டையின் வாசத்துக்கும் காரணமான அதே வினை. அதனால்தான் கருப்பட்டி வெறும் இனிப்பாக இருப்பதில்லை. இனிப்பின் அடியில் புகையும் மெல்லிய கசப்பும் கிடக்கும்.

முந்தின இரவு ஒரு லிட்டர் தண்ணீரில் தட்டிய சுக்கு, இடித்த மல்லி இரண்டு கரண்டி, பதினைந்து மிளகு, ஒரு கைப்பிடி நெல்லிவற்றல் போட்டுக் கொதிக்கவிட்டேன். முக்கால் லிட்டராகச் சுண்டியதும் கருப்பட்டி, இறக்கியபின் ஏலக்காய். ஏலக்காயை முதலிலேயே போடுகிறவர்கள் அதன் மணத்தை வீட்டுக்குத் தருகிறார்கள், கோப்பைக்குத் தருவதில்லை. அதன் மணச்சேர்மங்கள் கொதிநீரின் ஆவியோடு ஓடிப்போகிறவை.

காலை ஆறரைக்கு உப்பளத்தில் வேலை பாதி முடிந்திருந்தது. வெயிலுக்கு முந்திக்கொள்ள இருட்டிலேயே வந்துவிடுகிறார்கள். நீண்ட கழியில் கோத்த பலகையால் பாத்தியின் அடியில் படிந்த உப்பை இழுத்து வரப்போரம் சேர்க்கிறார்கள். கீற்றுக் கொட்டகையின் நிழலில் நான்கைந்து பெண்கள் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்கைத் திறந்ததும் ஓர் அக்கா கேட்டார்.

“இன்னா தம்பி, காப்பியா?”

“சுக்குக் காப்பிக்கா. நெல்லிவற்றல் போட்டது.”

முதல் வாய் நான் குடித்தேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு. இதை வாசிப்பவர்கள் அவசியம் செய்து பார்க்க வேண்டிய சோதனை இது. மூக்கை இறுகப் பிடித்தபடி ஒரு வாய் உறிஞ்சினால் இனிப்பு தெரியும், புளிப்பு தெரியும், தொண்டையில் உறைப்பும் ஏறும். மல்லி இருக்காது, ஏலக்காயும் இருக்காது. வெந்நீரில் வெல்லமும் புளியும் மிளகாய்ப்பொடியும் கலந்து குடிப்பது போலத்தான். விழுங்கியதும் மூக்கை விட்டுவிட்டு மூச்சை வெளியே விடுங்கள். மல்லியும் ஏலமும் நாக்கிலேயே மலர்வது போலத் தோன்றும். உண்மையில் அவை வாயின் பின்புறமாக மேலேறி, மூக்கின் கூரையில் உள்ள மண உணரிகளைப் போய்ச் சேர்கின்றன. மல்லிக்கு அதன் மணத்தைத் தருவதில் பெரும்பங்கு லினலூல் என்ற சேர்மத்துக்கு. ஏலத்துக்கு சினியோல், அது யூகலிப்டஸ் தைலத்திலும் இருக்கிறது. மண உணரிகளின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸலும் 1991இல் கண்டறிந்தார்கள், 2004இல் அதற்கு நோபல் பரிசு. மனிதரிடம் வேலை செய்பவை ஏறத்தாழ நானூறு வகை. நாக்கு அறியும் அடிப்படைச் சுவைகளோ கைவிரல்களில் எண்ணிவிடக் கூடியவை. சளி பிடித்த நாளில் சாப்பாடு ருசிக்கவில்லை என்கிறோமே, அன்று நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பின்வாசல் அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

மூக்கைப் பிடித்தாலும் போகாத உறைப்பு சுவையே அல்ல, சூட்டுணர்வு. 43 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தை உடலுக்கு எச்சரிக்கும் ஒரு புரதக் கதவு நரம்பு முனைகளில் இருக்கிறது. 1997இல் டேவிட் ஜூலியஸின் குழு மிளகாயின் காரத்தைப் பின்தொடர்ந்து போய் அதைக் கண்டுபிடித்தது. 2021இல் அவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகின் பிப்பரினும் சுக்கின் ஷோகாலும் அதே கதவைத்தான் தட்டுகின்றன. ஆறிப்போன சுக்குக் காப்பியும் தொண்டையில் சுடுவது அதனால்தான். நெல்லியின் துவர்ப்பும் சுவைமொட்டின் வேலையல்ல. அதன் டானின்கள் எச்சிலில் உள்ள வழவழப்பான புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் நாக்கு சொரசொரப்பாகிறது. அது தொடுவுணர்வைச் சேர்ந்தது. நம் அறுசுவையில் கார்ப்பையும் துவர்ப்பையும் சேர்த்தவர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. அவர்கள் கணக்கெடுத்தது வாய்க்குள் நடப்பதை. நாக்கின் மொட்டில் நடப்பதை மட்டுமல்ல. சாப்பிடுகிறவனுக்கு அந்தக் கணக்கே சரி.

இனிப்பு, புளிப்பு, கசப்பு, துவர்ப்பு என்று எல்லாச் சுவைப் பெயரிலும் உப்பு ஒளிந்திருக்கிறது என்று மேடைகளில் சொல்லிக் கைத்தட்டல் வாங்குவார்கள். கேட்க இனிமையான செய்தி, ஆனால் உண்மையல்ல. அது நடப்பு, படிப்பு என்பவற்றில் வரும் அதே ‘ப்பு’ விகுதி. சொல்லில் ஒளிந்திராவிட்டாலும் சுவையில் உப்பு ஒளிந்துகொள்ளும் என்பதை அன்று அந்த அக்கா காட்டினார்.

டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சற்றே சுளித்தார். “நல்லாத்தான் இருக்கு. லேசா கசக்குது. உப்பு போடலியா தம்பி?”

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நான் சொல்லவந்ததை அவரே கேட்டுவிட்டார். பாத்தியோரம் புதிதாக வாரிக் கிடந்த ஈர உப்பை நோக்கிக் கையை நீட்டினேன். “அது வேணாம், அதுவும் கசக்கும். மேட்டுல காஞ்சிகிட்டு கெடக்குதே, அதுல எடு” என்றார்.

அவர் சொன்ன அந்த ஒரு வரியில் உப்பளத்தின் வேதியியல் முழுவதும் இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள். அதில் சமையல் உப்பு 27 கிராம்தான், மிச்சத்தில் சுண்ணாம்பும் மக்னீசியமும் பொட்டாசியமும் அடக்கம். வெயில் நீரை வற்றவைக்கும்போது எது கரைய மிகவும் தயங்குமோ அது முதலில் படியும். முதலில் சுண்ணாம்பு, அடுத்து ஜிப்சம். பத்தில் ஒன்பது பங்கு நீர் போன பிறகே சமையல் உப்பு பூக்கத் தொடங்கும். நீரின் அடர்த்தியை அளக்கும் கருவியில் அது ஏறத்தாழ 25 டிகிரி. 30 டிகிரி நெருங்கும்போது மிச்சமிருக்கும் நீரில் மக்னீசிய உப்புகள் செறிந்துவிடும். கடுங்கசப்பு. அதை வடித்து வெளியேற்றாமல் மேலும் காயவிட்டால் உப்பு கெட்டுவிடும். உப்பு விளைவிப்பது என்று நாம் சொல்வது, உண்மையில் ஒவ்வொரு உப்பும் எந்த நேரத்தில் இறங்குமோ அந்த நேரத்துக்கு நீரைப் பாத்தி மாற்றிக்கொண்டே போகும் கலை. அப்படியும் புதிதாக வாரிய கல்லின் மேல் அந்தக் கசப்பு நீர் ஒட்டியிருக்கும். மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே நீர்த்துவிடும் குணமுடையது. மேட்டில் குவித்து வைத்தால் அது கரைந்து கீழே வடிந்துவிடும். காத்திருந்த உப்பே நல்ல உப்பு. (அன்றாடச் சமையலுக்கு அயோடின் கலந்த உப்பை விட்டுவிட வேண்டாம், நான் செய்தது ஒரு காலைநேரச் சோதனை.)

ஒரே அளவு காப்பியை இரண்டு டம்ளரில் ஊற்றினேன். அக்கா திரும்பி நிற்கையில் ஒன்றில் மட்டும் பச்சைப்பயறு அளவில் ஒரு கல்லைப் போட்டுக் கலக்கினேன். அது 0.1 கிராம் இருக்கும். 200 மில்லியில் அது கரைந்தால் கரிக்காது. பெரும்பாலோர் நாக்கு உப்பு என்று அடையாளம் காணும் அளவுக்குக் கீழேதான் நிற்கும். இரண்டையும் மாறி மாறிக் குடித்த அக்கா கல் விழுந்த டம்ளரைத் தூக்கிக் காட்டினார். “இதுல கருப்பட்டி கூடப் போட்டுட்டியா?”

போடவில்லை. பால் பிரெஸ்லினும் கேரி பீச்சாம்பும் 1997இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கியது இதைத்தான். கசப்பையும் இனிப்பையும் ஒன்றாகக் கலந்து, அதில் சிறிது சோடியம் உப்பைச் சேர்த்துக் குடிக்கச் சொன்னார்கள். கசப்பு தணிந்தது, இனிப்பு கூடியது. கசப்பே இல்லாத வெறும் இனிப்பு நீரில் சேர்த்தபோது அப்படி நடக்கவில்லை. அதாவது உப்பு இனிப்பை ஏற்றவில்லை. கசப்பும் இனிப்பும் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டிருந்தன; உப்பு கசப்பின் கையைப் பிடித்துக்கொண்டது, இனிப்பு விடுபட்டது. எல்லாக் கசப்பும் இதற்கு மசிவதில்லை, ஆனால் மசியும் கசப்புகள் பல. பாயசத்திலும் கேசரியிலும் ஒரு சிட்டிகை உப்பு போட்ட பாட்டிகள் அந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்தவர்களல்லர். திருவள்ளுவர் ஊடலின் அளவைச் சொல்ல உப்பின் அளவை உவமை காட்டியபோது, அந்த உவமை புரியாத வீடு ஒன்றும் இருந்திருக்காது.

இரண்டாவது டம்ளர் முடிவதற்குள் எனக்கு நெற்றி வேர்த்துவிட்டது. சூடான காரமான பானம் வெயிலில் உடம்பைக் குளிர்விக்கும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். இது பாதி உண்மை. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்திலிருந்து 2012இல் வெளிவந்த ஆய்வு, சூடான பானம் குடித்தால் உடலில் தேங்கும் வெப்பம் சற்றுக் குறைகிறது என்று காட்டியது. கூடுதலாகச் சுரக்கும் வேர்வை கொண்டுபோகும் வெப்பம், பானம் கொண்டுவந்த வெப்பத்தைவிட அதிகம். ஆனால் அந்த வேர்வை முழுவதும் ஆவியாக வேண்டும். முதுகில் வழிந்து தரையில் சொட்டும் வேர்வையால் ஒரு பயனும் இல்லை. கடலோரப் புழுக்கத்தில் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. பாத்தியில் உப்பு பூக்க என்ன காற்று வேண்டுமோ அதே காற்றுதான் மனித உடம்பு குளிரவும் வேண்டும். “காத்து நின்னுச்சுன்னா உப்பும் நின்னுடும், நாங்களும் நின்னுடுவோம்” என்று இன்னொரு பெண் சொன்னார்.

வேர்வையோடு உப்பும் போகிறது, லிட்டருக்கு ஒன்று முதல் நான்கு கிராம் வரை. உப்பை வாரி எடுக்கும் உடம்பே உப்பை இழந்துகொண்டிருக்கிறது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் சிறுகுடல் இரண்டையும் ஒரே வாசலில் இழுத்துக்கொள்ளும், தண்ணீரும் பின்னாலேயே போகும். 1960இல் ராபர்ட் கிரேன் முன்வைத்த கருத்து இது. 1971இல் வங்க எல்லையில் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இதை நம்பி உப்பு சர்க்கரைக் கரைசலைக் குடங்குடமாகக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நான் கொண்டுபோன காப்பி அந்தக் கரைசலாகிவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு. நான் போட்ட கணக்கில் லிட்டருக்கு அரை கிராம்தான். ருசிக்கான உப்பு வேறு, உயிருக்கான உப்பு வேறு.

பிளாஸ்கில் இன்னும் கால்வாசி இருந்தது. அக்காவின் டம்ளரில் ஊற்றப் போனேன். அவர் கையால் மூடிக்கொண்டார்.

“போதும் தம்பி. பதினோரு மணி வரைக்கும் வேலை கெடக்குது. இங்க ஒதுங்க எடமில்ல.”

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களின் உடல்நிலையை அளந்திருக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்கிறார்கள், ஏறத்தாழ 7 சதவீதத்தினரின் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருக்கிறது என்பவை அவர்கள் கண்டவை. தண்ணீர் குறையும்போது சிறுநீரகத்துக்குள்ளும் உப்பளத்தில் நடப்பதே நடக்கிறது. கரைசல் அடர்கிறது, கரைந்திருந்தவை படியத் தொடங்குகின்றன. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்தி, வரப்பு, வெள்ளை. மறைவுக்கு ஒரு புதர்கூட இல்லாத அந்த வெளியில், தாகத்தை அடக்கிக்கொள்வது பெண்களுக்குப் பழக்கமாகிவிட்டது. எந்த மூலிகையும் இதற்கு மருந்தாகாது. அளத்துக்கு ஒரு கழிப்பறையும் ஒரு தண்ணீர்க் குழாயும் வேண்டும்.

மிச்சக் காப்பியை என்னுடன் கொண்டுவந்தேன். புதுச்சேரிப் பேருந்துக்குக் காத்திருந்தபோது ஆறிப்போனதைக் குடித்தேன். அப்போதும் தொண்டையில் சுட்டது. பிறகு பாட்டில் தண்ணீரை ஒரு வாய் குடித்ததும் இனித்தது, நெல்லி தின்ற வாய்க்குத் தண்ணீர் இனிக்குமே, அப்படி. புளிப்புக்கும் கசப்புக்கும் பழகிப்போன நாக்கிலிருந்து அவற்றைத் திடீரென்று கழுவி எடுத்தால் வெறும் தண்ணீரும் இனிப்பாகத் தோன்றும். ஒரு பாட்டில் முழுவதையும் குடித்து முடித்தேன்.